செலஸ்டின் மாமா காருக்குச் சிரட்டை கட்டிய கதை

பால் பிடிக்க ரப்பர் மரத்துக்குத் தேங்காய்ச் சிரட்டை கட்டுவதை எங்கள் ஊரில் எல்லாரும் பார்த்திருக்கிறோம். காருக்குச் சிரட்டை கட்டிய ஒரே மனிதர் எனக்குத் தெரிந்து செலஸ்டின் மாமாதான். கேரள எல்லையோரக் குன்னத்துகாலில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரு செம்பருத்தி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் அவரும், ஜேனட் மாமியும், மகள் டெல்னாவும், ஒரு டீசல் அம்பாசிடரும் இருந்தார்கள். காரையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் அதிகம் கவனிக்கப்பட்டது அதுதான்.

மாமா பிறந்தது பொழியூர் கடற்கரையில். அப்பாவும் சித்தப்பாமாரும் இரண்டு அண்ணன்மாரும் கடலில் தொழில் செய்தவர்கள். இவரைப் பதினாறு வயதில் வள்ளத்தில் ஏற்றினார்கள். கரை கண்ணை விட்டு மறைவதற்குள் வாந்தி. முதல் நாள் எல்லாருக்கும் வரும் என்றார்கள். நாற்பதாவது நாளும் வந்தது. கடைசியில் அவருடைய அப்பா பங்குச்சாமியாரிடம் கூட்டிக்கொண்டு போய், இவன் கடலுக்கு ஆகமாட்டான், கோவிலுக்காவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார். சாமியார் அவரைச் சாமியாராக்கக் குருமடத்துக்கு அனுப்பப் பார்த்தார். எட்டாம் வகுப்பை மூன்று தடவை படித்தவரைக் குருமடம் எடுக்கவில்லை. ஆண்டவருக்கு ஆகாமல் போனாலும் ஆண்டவருடைய கோவில் ஜீப்புக்கு மாமா ஆனார். அதை ஓட்டித்தான் வண்டி பழகினார். பிறகு மீன் லாரி. பிறகு ஜேனட் மாமியைக் கல்யாணம் செய்து, கடலே தெரியாத குன்னத்துகாலுக்கு வந்து சேர்ந்தார். வீடு மாமியுடையது. அதை மாமி வாரத்துக்கு ஒரு தடவைதான் சொல்லிக்காட்டுவார்.

காரை ஒரு ஓய்வுபெற்ற டாக்டரிடமிருந்து வாங்கினார். வாங்கும்போதே அதற்கு வயது அதிகம். முன்பக்கத்தில் அந்தோணியார் சிலையும் பக்கத்திலேயே ஒரு பிள்ளையாரும் ஒட்டியிருக்கும். சவாரிக்கு வருகிற எவருக்கும் மனக்குறை வரக்கூடாது என்பது மாமாவின் கொள்கை. கார் ஸ்டார்ட் ஆகாமல் நின்றால் மாமா 'கெட்டுப் போச்சு' என்று சொல்லமாட்டார். வண்டிக்கு மடி பிடித்திருக்கிறது என்பார். அதாவது சோம்பல். சோம்பலுக்கு மெக்கானிக் தேவையில்லை அல்லவா? மெக்கானிக் என்றால் அவருக்குப் பல் டாக்டர் மாதிரி. வண்டி முழுசாகப் போகும், துண்டு துண்டாகத் திரும்பி வரும் என்று பயம்.

1994-ஆம் ஆண்டு மலையாளக் கர்க்கடக மாத மழையில், சோம்பல் என்று சொல்லித் தப்பிக்க முடியாத ஒன்று வந்தது. வண்டி டீசல் ஒழுக ஆரம்பித்தது.

முதலில் நாற்றம்தான். மாமா ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன ஒரு பாட்டி, தலைசுற்றலுக்காக ஏறியவர், வாந்தியும் சேர்த்து எடுத்துக்கொண்டு இறங்கினார். பிறகு கார் நிறுத்துகிற இடத்தில் மழைத்தண்ணீர் மேல் மயில் நிறத்தில் வட்டங்கள் மிதந்தன. பாரசாலை திருமணத்துக்குப் போய்வந்த ஒரு குடும்பம், பட்டுச்சேலையெல்லாம் டீசல் மணக்கிறது என்று பேசிய வாடகையில் பாதியை மட்டும் கொடுத்துவிட்டு இறங்கிப் போனது.

வேறு சமயமாக இருந்தால் மாமா இதையும் பொறுத்திருப்பார். ஆனால் டாக்ஸிக்கு வருஷம் தோறும் நெய்யாற்றின்கரை மைதானத்தில் டெஸ்ட் காட்ட வேண்டும். இன்ஸ்பெக்டர் குனிந்து பார்ப்பார், ஓட்டிப் பார்ப்பார், சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுவார். மாமாவின் பழைய பேப்பர் அடுத்த வாரத்துச் சனிக்கிழமையோடு முடிகிறது. டெஸ்டுக்குக் கொடுத்த நாள் அதற்கு முந்தின வியாழன். அதற்கடுத்த வாரம் சிங்ஙம் மாதம் பிறக்கிறது. கர்க்கடகம் முழுக்க மூடிக்கிடந்த கல்யாண மண்டபங்கள் எல்லாம் சிங்ஙத்தில் ஒன்றாகத் திறக்கும். மாமாவின் வருஷத்துச் சம்பாத்தியத்தில் பாதி அந்த ஒரு மாதத்தில்தான். பேப்பர் இல்லாத வண்டி ஸ்டாண்டில் நிற்க முடியாது. அவருடைய முறையை எடுத்துக்கொள்ள, புது ஜீப் வாங்கிய மோகனன் தினமும் ஜீப்பைக் கழுவிக்கொண்டே காத்திருந்தான்.

அப்போதுதான் மாமா சிரட்டை கட்டினார்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் பின்னால் வேலாயுதனின் ரப்பர் தோட்டம். ஒன்றரை ஏக்கர். மழைக்காகப் பால் வெட்டு நிறுத்தியிருந்ததால் மரத்தில் கட்டும் சிரட்டைகள் சும்மா கவிழ்ந்து கிடந்தன. மாமா மூன்றை எடுத்துவந்து, கம்பி வளைத்து, என்ஜினுக்கு அடியில் மூன்று இடத்தில் தொங்கவிட்டார். டீசல் ஃபில்டருக்குக் கீழே ஒன்று. டாங்கிலிருந்து டீசலை உறிஞ்சிக் கொடுக்கிற சின்ன பம்புக்குக் கீழே ஒன்று. அதை வாங்கி அழுத்தத்தோடு என்ஜினுக்குள் அனுப்புகிற பெரிய பம்புக்குக் கீழே ஒன்று. விடியற்காலை ஐந்து மணிக்கு, பால் எடுக்கப் போகிறவரைப் போலவே, டார்ச்சோடு குனிந்து பார்த்தார். ஃபில்டர் சிரட்டையில் மழைத்தண்ணீரும் ஒரு எறும்பும். சின்ன பம்பு சிரட்டை காலி. பெரிய பம்பு சிரட்டை விளிம்புவரை நிறைந்திருந்தது.

நோய் எங்கே என்று தெரிந்துவிட்டது. மருந்துக்கு மாமா அவசரப்படவில்லை. சேர்ந்த டீசலைத் துணியில் வடிகட்டித் திரும்பவும் டாங்கில் ஊற்றினார். சிரட்டையைத் திரும்பவும் கட்டினார். ஆறு நாள் இப்படியே நடந்தது. சிரட்டை நிறைவதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஸ்டாண்டில் இது பரவாமல் இருக்குமா? காலையில் அவர் வண்டி வந்து நின்றதும் மோகனன் எல்லாருக்கும் கேட்கும்படி விசாரிப்பான்.

"இன்னைக்குப் பாலு எப்படி அண்ணே? உண்டா?"

சனிக்கிழமை சந்தைக்குப் போய்த் திரும்பும் வழியில், ஜேனட் மாமிதான் வண்டியைப் பாரசாலை ரயில்வே கேட் பக்கம் திருப்பச் சொன்னார். அங்கே தாணுவின் ஒர்க்ஷாப். தாணு நல்ல மெக்கானிக். ஆனால் பேச்சு ஸ்பானரால் தட்டுவது போல இருக்கும். அவர் பானட்டைத் திறந்து, சிரட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சிரிக்கவில்லை. டீசல் விழுகிற இடத்தைக் கண்டுபிடித்தாயிற்று, வருகிற இடம் எது என்று கேட்டார். டீசல் இரும்பின் மேல் ஊர்ந்து வந்து, தாழ்ந்த இடத்தில்தான் சொட்டும். பம்பைத் துடைத்துக் காயவைத்துப் பார்த்தால்தான் ஊற்று தெரியும். அவர் முன்னால் மூன்று லாரி நின்றது. திங்கள்கிழமை வரச் சொன்னார்.

மாமி திங்கள்வரை காத்திருக்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பானட்டைத் திறந்தார். மண்ணெண்ணெயும் பழைய பல் பிரஷும் கொண்டு பம்பைத் தேய்த்துக் கழுவினார். மாமாவின் நல்ல பனியனால் துடைத்தார். பிறகு டெல்னாவின் முகப்பவுடர் டப்பாவைத் திறந்து பம்பு முழுக்கக் கொட்டினார். டெல்னா அழாத குறை. பவுடர் பூசிய பம்பு மேடைக்குக் காத்திருக்கும் நாடகக்காரர் போல் இருந்தது.

ஸ்டார்ட் செய்யச் சொன்னார். மாமா உள்ளே உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை மெல்ல மிதித்துக்கொண்டிருந்தார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற என்னையும் மாமி கூப்பிட்டதால் நானும் பார்த்தேன். வெள்ளைப் பவுடரில் ஒரு மெல்லிய ஈரக்கோடு. அது கீழே சிரட்டைக்கு மேல் முடிந்தது. தொடங்கியதோ பம்பின் உச்சியில். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஒரு கம்பி இழுத்து, பம்பின் மேலிருக்கும் ஒரு சின்ன நெம்புகோலைத் திருப்பும். அந்த நெம்புகோலின் தண்டு பம்புக்குள் இறங்குகிற இடத்தில்தான் டீசல் முத்து முத்தாக எட்டிப் பார்த்தது.

திங்கள்கிழமை தாணு அந்தப் பவுடர் கோட்டைப் பார்த்தார். மாமியைப் பார்த்தார். கடைசியில் மாமாவிடம் சொன்னார்.

"ஒமக்க வீட்டிலேயே ஒரு மெக்கானிக் உண்டு. பெறவு எதுக்கு ஓய் என்கிட்ட வாறீரு?"

நெம்புகோலைக் கழற்றி, தண்டைச் சுற்றியிருந்த ஒரு கறுப்பு வளையத்தைக் கம்பியால் குத்தி எடுத்தார். மோதிரத்தைவிடச் சின்னது. விறைத்து, ஒரு பக்கம் வெடித்திருந்தது. அவ்வளவுதான் நோய். புது வளையம் ஒன்று போட்டால் தீர்ந்தது. ஆனால் அந்த வளையம் பம்பு சரிசெய்கிற கடையில்தான் கிடைக்கும், அந்தக் கடை நெய்யாற்றின்கரையில் ஒன்றுதான் இருக்கிறது, அதன் முதலாளி கர்க்கடக மருந்து எடுக்கிறார் என்றார். எங்கள் பக்கத்தில் கர்க்கடகத்தில் வசதியுள்ளவர்கள் மருந்துக்கஞ்சி குடித்து, உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்து உழிச்சல் எடுத்து, இரண்டு வாரம் படுத்துக்கொள்வார்கள். அந்த ஆள் எண்ணெயில் கிடக்கிறார், சிங்ஙம் பிறக்காமல் டீசலைத் தொடமாட்டார் என்று தாணு சொல்லி, பழைய வளையத்தையே திரும்பப் போட்டு, இதில் யாரும் கைவைக்க வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார்.

அன்று சாயங்காலமே கைவைத்தார்கள்.

வேலாயுதனைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. ரப்பர் பைத்தியம். தோட்டத்தில் பால் எடுத்து, உறைய வைத்து, சொந்த ரோலரில் அழுத்தி, புகையில் காயவைத்து, ஷீட்டாக்கிக் காட்டாக்கடை வியாபாரியிடம் கொண்டுபோவார். வியாபாரி ஒவ்வொரு தடவையும் ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப்பிடித்து, குமிழ் இருக்கிறது, கறை இருக்கிறது என்று தரம் குறைப்பார். அந்த அவமானத்தில் வேலாயுதன் பத்து வருஷமாக வெந்துகொண்டிருந்தார். தன் ரப்பரின் அருமையை உலகத்துக்குக் காட்ட அவருக்கு ஒரு சந்தர்ப்பம் வேண்டியிருந்தது. வேலிக்கு அப்பால் மாமா தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வந்தார். விஷயத்தைக் கேட்டார். வெடித்த வளையத்தைக் கழற்றிக் காட்டச்சொல்லி, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"எலே செலஸ்டினே, இது என்ன சாதனம்? ரப்பரு. ரப்பருக்க நடுவில உக்காந்துட்டு ரப்பருக்கு அழுகியே மக்கா."

மாமா உடனே ஒத்துக்கொண்டார். பம்பு கடை இல்லை, மெக்கானிக் இல்லை, வண்டி முழுசாக வீட்டு முற்றத்திலேயே நிற்கும். அவருக்கு இதைவிட என்ன வேண்டும்? வேலாயுதன் தன் புகைப்புரையிலிருந்து குமிழே இல்லாத ஒரு ஷீட்டைத் தேர்ந்தெடுத்து வந்தார். பழைய குடையின் குழாய்க்கம்பி இரண்டை அரத்தால் கூராக்கி, சின்னதை வைத்து நடுவிலும் பெரியதை வைத்து வெளியிலும் குத்தி, ஒரு வளையம் செய்தார். உண்மையைச் சொன்னால் அழகான வளையம். தேன் நிறம். தண்டில் மாட்டினார்கள். மாமா பம்பிலிருந்து காற்றை எடுத்து ஸ்டார்ட் செய்தார். கால் மணி நேரம் ஓடியது. அடியில் கட்டிய சிரட்டையில் ஒரு சொட்டு இல்லை.

மாமி மட்டும் அந்தக் கறுப்பு வளையத்தைக் குப்பையில் போடவிடாமல் பவுடர் டப்பா மூடிக்குள் போட்டுவைத்தார்.

செவ்வாய்க்கிழமை ஊர் முழுக்க அந்தத் தேன் நிற வளையத்தைப் பற்றித்தான் பேச்சு. பேசியது பெரும்பாலும் வேலாயுதன். விமானத்தின் டயர் எதனால் ஆனது தெரியுமா என்று ஸ்டாண்டில் கேட்டார். டீக்கடையில் கேட்டார். பாரசாலைக்கு பஸ் ஏறிப்போய், தாணுவின் ஒர்க்ஷாப்புக்கு எதிரே இருக்கும் கடையில் உட்கார்ந்து, வேண்டாத டீ இரண்டு குடித்து, அங்கேயும் கேட்டார். தாணு லாரிக்கு அடியிலிருந்து தலையை நீட்டவே இல்லை. மோகனன் ஜீப் கழுவுவதை நிறுத்தினான்.

அன்றைக்கே ஆக்ஸிலேட்டர் கொஞ்சம் இறுகியிருந்தது. மாமா சந்தோஷப்பட்டார். பழைய வண்டிகளில் மிதி தொளதொளத்திருக்கும். இது புது வண்டிபோல் ஆகிவிட்டது என்றார். புதன்கிழமை, மிதித்த மிதி திரும்பி வரத் தாமதித்தது. மாமா சைக்கிள் ஸ்டாண்டின் ஸ்பிரிங் ஒன்றை நெம்புகோலில் மாட்டிவிட்டு, சரியாகிவிடும் என்றார். அடியில் சிரட்டை காய்ந்தே இருந்தது. ஒழுகுகிறதா இல்லையா என்பது மட்டும்தான் அப்போது அவருக்குக் கேள்வி.

வியாழக்கிழமை காலை நான்கு பேர் கிளம்பினோம். முன்னால் மாமாவும், வெள்ளை வேட்டி உடுத்த வேலாயுதனும். தன் ரப்பர் டெஸ்டில் பாஸ் ஆவதை நேரில் பார்க்க வந்திருந்தார். பின்னால் மாமியும் நானும். பிரீ-டிகிரியை விட்டு நான் வீட்டில் இருந்த காலம் அது. நெய்யாற்றின்கரை எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சில் பெயர் பதிய வேண்டியிருந்தது. சிரட்டை மூன்றையும் மாமா கழற்றி டிக்கியில் ஒளித்திருந்தார்.

உதியன்குளங்கரை தாண்டி ஒரு பஸ்ஸை முந்துவதற்காக மாமா ஆக்ஸிலேட்டரை அழுத்தினார். முந்தினோம். அதன் பிறகும் முந்திக்கொண்டே இருந்தோம். ஒரு லாரியை முந்தினோம், இரண்டு ஆட்டோவை முந்தினோம். வண்டி எங்களை எங்கேயோ கூப்பிட்டுக்கொண்டு போவதுபோல் இருந்தது. மாமி இருக்கையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"காலை எடுங்க."

"கால் எடுத்தாச்சு டீ. அதாக்கும் சங்கடம்."

பிரேக்கை அழுத்தி, கியரை நியூட்ரலுக்குத் தள்ளியதும் என்ஜின் அலறிய அலறலில் ரோட்டோரத்து நாய்கள் எழுந்து நின்றன. டீசல் வண்டியைச் சாவியைத் திருப்பி நிறுத்த முடியாது. டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு குமிழ் இருக்கும். அதை இழுத்தால்தான் பம்பில் டீசல் அடைபட்டு என்ஜின் சாகும். மாமா இழுத்தார். அமைதி. விட்டார். அலறல். இப்படி இழுத்தும் விட்டும், விக்கல் எடுத்தவரைப் போல, அமரவிளைப் பாலத்தைக் கடந்தோம். மாமா பதினாறு வயதில் கடலில் இருந்த அதே நிறத்துக்கு வந்திருந்தார். வேலாயுதன் மட்டும் இடையிடையே வெளியே எட்டி ரோட்டைப் பார்த்து, ஒரு சொட்டு விழவில்லை என்று எங்களுக்கு அறிவித்துக்கொண்டிருந்தார்.

மைதானத்தில் பதினைந்து வண்டிகள் வரிசையில் நின்றன. இன்ஸ்பெக்டர் நடுவயதுக்காரர், குடை பிடித்துக்கொண்டு நடந்தார். எங்கள் வண்டிக்கு முன் குனிந்தார். அடியில் காய்ந்த மண். விளக்கு எரிந்தது, ஹாரன் அடித்தது. ஓட்டிவந்து, தரையில் போட்ட கோட்டில் பிரேக் பிடிக்கச் சொன்னார். மாமா அந்தோணியாரைத் தொட்டார், கூடவே பிள்ளையாரையும் தொட்டார், ஸ்டார்ட் செய்தார். வண்டி கத்திக்கொண்டு பாய்ந்தது. கோடு வந்ததும் மாமா இடது கையால் குமிழை இழுத்து வலது காலால் பிரேக்கை மிதித்தார். செத்த என்ஜினோடு வண்டி கோட்டின் மேல் ஆணி அடித்ததுபோல் நின்றது. அவ்வளவு நல்ல பிரேக்கை அந்த மைதானம் அன்றைக்குப் பார்த்திருக்காது.

இன்ஸ்பெக்டருக்கும் பிடித்திருந்தது. ஆனால் என்ஜின் ஏன் அணைந்தது என்று கேட்டார். டீசல் சேமிப்பு சார், என்றார் மாமா. இன்ஸ்பெக்டர் பானட்டைத் திறக்கச் சொன்னார். நெம்புகோலை விரலால் தள்ளினார். தள்ளிய இடத்திலேயே நின்றது. சைக்கிள் ஸ்பிரிங்கை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு தண்டின் அடியில் குனிந்தார். அங்கே வேலாயுதனின் வளையம் இல்லை. டீசல் குடித்துக் குடித்து ஊதி, தண்டை நெரித்துப் பிடித்து, இடம் போதாமல் வெளியே பிதுங்கிய ஒரு பழுப்பு உருண்டை இருந்தது. பேனா முனையால் நோண்டினார். பலாச்சக்கை அரக்குபோல் நூல் இழுத்தது.

"இது எந்தா?" என்று மலையாளத்தில் கேட்டார்.

மாமா ஒரு பொய்யைத் தேடிக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு நிமிஷம் கிடைத்திருந்தால் சொல்லிச் சமாளித்திருப்பார். ஆனால் எங்கள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அது எனக்க ரப்பராக்கும் சார். சொந்தத் தோட்டம்."

மாமி கண்ணை மூடிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் குடையோடு திரும்பினார். அவருக்கும் காட்டாக்கடைக்கு அந்தப் பக்கம் ரப்பர் தோட்டம் உண்டு என்பது அடுத்த பத்து நிமிஷத்தில் எல்லாருக்கும் தெரிந்தது. என்ன தரம் போடுகிறார்கள், புகை எத்தனை நாள், ஷீட் வெட்டிக் குத்தினீரா, பாலில் வார்த்தீரா என்றெல்லாம் கேட்டார். பின்னால் பத்து வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். தன் ரப்பரைப் பற்றி அரசாங்கம் இவ்வளவு அக்கறையாக விசாரிப்பது வேலாயுதனுக்கு வாழ்க்கையில் முதல் தடவை. கடைசியில் இன்ஸ்பெக்டர், ஷீட் ரப்பர் டீசலில் ஊறி ஊதிவிடும், எண்ணெய்க்கென்றே செய்த வளையம் தனி என்று பொறுமையாகச் சொன்னார். பிறகு பேப்பரை மாமாவிடம் திருப்பிக் கொடுத்தார்.

"ரப்பர் கொள்ளாம். வண்டி கொள்ளத்தில்ல."

ரப்பர் நல்லது, வண்டி ஆகாது என்று அர்த்தம். கையெழுத்து இல்லை. மாமா என்னென்னமோ கெஞ்சினார். சனிக்கிழமை மத்தியானம்வரை தான் மைதானத்தில் இருப்பதாகவும், சரியான வளையத்தோடு வந்தால் பார்ப்பதாகவும் இன்ஸ்பெக்டர் சொன்னார். அந்த உருண்டையை மாமா அங்கேயே நோண்டி எடுத்தார். உடனே டீசல் பழையபடி, முன்னைவிட உற்சாகமாக, ஒழுகியது. டிக்கியைத் திறந்து சிரட்டையை எடுத்து, பதினைந்து வண்டிக்காரர்களும் பார்க்க, திரும்பக் கட்டினார். நான் எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சுக்குப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை காலையிலேயே மாமா பஸ் ஏறி, பம்பு கடை முதலாளியின் வீட்டுக்கே போய்விட்டார். அந்த மனிதர் கோவணத்தோடு மரப்பலகையில் எண்ணெயில் மிதந்துகொண்டிருந்தாராம். கடையைத் திறக்க வேண்டாம், சாவியை மட்டும் தாருங்கள் என்று மாமா கேட்டிருக்கிறார். சாவியிலும் டீசல் மணம் இருக்கும், வைத்தியர் மணமே ஆகாது என்று சொல்லியிருக்கிறார் என்று பதில் வந்தது. மாமாமேலும் மணம் இருந்ததால் முற்றத்திலேயே நிறுத்திப் பேசினார்களாம்.

மத்தியானம் மாமா வந்து படியில் உட்கார்ந்தார். கல்யாண முன்பதிவு எழுதிய டைரியை மடியில் வைத்துக்கொண்டு, யார் யாருக்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு கல்யாணம் பொழியூரில், அவர் அண்ணன் மகளுடையது. கடலுக்கு ஆகாதவன் என்று பேர் வாங்கிய ஊருக்குள் மணப்பெண்ணை ஏற்றிக்கொண்டு சொந்தக் காரில் போக வேண்டும் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வேலி வழியாகக் கேட்டபோது அதற்கு மோகனனைத்தான் ஏற்பாடு செய்ய வேண்டும் என்றார். அப்போதுதான் நான் அவரைக் கிண்டல் இல்லாமல் பார்த்தேன். ரொம்ப நேரம் அப்படிப் பார்க்க முடியவில்லை. ஜேனட் மாமி வந்துவிட்டார்.

மாமி காலையில் எங்கே போனார் என்று யாரும் கேட்கவில்லை. கையில் ஜவுளிக்கடைப் பை. அதை டெல்னாவிடம் கொடுத்துவிட்டு, இடுப்பிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து மாமாவின் டைரிமேல் வைத்தார். உள்ளே தீக்குச்சி இல்லை. இரண்டு கறுப்பு வளையங்கள். பக்கத்திலேயே, அளவுக்குக் கொண்டுபோன வெடித்த வளையம்.

"மார்த்தாண்டத்துல ஆருக்கும் கர்க்கடகம் இல்ல, கேட்டியளா? அங்க ஆடியாக்கும். கடையெல்லாம் திறந்து கெடக்கு. சேலைக்குத் தள்ளுபடியும் உண்டு."

ஊரில் அந்த வாரம் எங்களுக்கு எல்லாம் என்ன ஆயிற்று என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. கத்தரிக்காய்க்குக் களியக்காவிளை எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போகிறோம். சினிமாவுக்குப் போகிறோம். மாமா டீசல் அடிப்பதற்கே அந்தப் பக்கம் போகிறவர். ஒரு வளையம் வேண்டும் என்றதும், பாரசாலைக்குத் தெற்கே பூமியே முடிந்துவிட்டதுபோல, எண்ணெயில் கிடக்கும் ஒரு மனிதர் எழுந்திருப்பதற்காக எல்லாரும் காத்திருந்தோம். அதே மழைதான் அங்கேயும் பெய்கிறது. இங்கே படுத்து மருந்து குடிக்கிறார்கள், அங்கே தள்ளுபடி போட்டு விற்கிறார்கள்.

மாட்டுவதற்குத் தாணுவிடம்தான் போக வேண்டியிருந்தது. மாமி அதில் உறுதியாக இருந்தார். மாமா ஒர்க்ஷாப் வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமல், ஹாரன் அடிக்கவும் துணிவில்லாமல் உட்கார்ந்திருந்தார். தாணு கை துடைத்துக்கொண்டு வந்தார். வளையத்தை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். மார்த்தாண்டம் என்று கேட்டதும் முகம் சுளித்தார், குறை ஒன்றும் சொல்லக் கிடைக்கவில்லை. பிறகு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். விமானத்து டயரைப் பற்றிச் சொன்ன ஆள் வந்து பக்கத்தில் நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

மாமா பஸ் ஏறிப்போய் வேலாயுதனைக் கூட்டிவந்தார். வேலாயுதன் தலையைக் குனிந்து நின்று, கேட்ட ஸ்பானரையெல்லாம் எடுத்துக் கொடுத்தார். தாணு தண்டை மண்ணெண்ணெயில் கழுவி, ஒட்டியிருந்த ரப்பரை நகத்தால் சுரண்டி எடுத்தார். சுரண்டியதை ஒவ்வொரு தடவையும் வேலாயுதனின் உள்ளங்கையில் வைத்தார். புது வளையத்தில் எண்ணெய் தொட்டு மாட்டினார். பம்பின் திருகைத் தளர்த்தி, கைப்பிடியை அடித்து அடித்து, நுரை நின்று சுத்தமான டீசல் வரும்வரை காற்றை எடுத்தார். சைக்கிள் ஸ்பிரிங்கைக் கழற்றித் தூர எறிந்தார். மொத்தம் இருபது நிமிஷம். மிதித்தால் நெம்புகோல் போனது, விட்டால் டக்கென்று திரும்பியது. அடியில் தாணுவே ஒரு செய்தித்தாளை விரித்துப் போட்டார். அரை மணி நேரம் கழித்து எடுத்து, மடித்து, அதிலேயே வேலாயுதனுக்கு வடை வாங்கிக் கொடுத்தார்.

சனிக்கிழமை இன்ஸ்பெக்டர் முதலில் பானட்டைத்தான் திறந்தார். நெம்புகோலை இரண்டு தடவை தள்ளிப் பார்த்தார். அடியில் குனிந்தார். ஓட்டச் சொன்னார், கோட்டில் வண்டி நின்றது, என்ஜின் நிற்கவில்லை. ரப்பர்காரர் வரவில்லையா என்று விசாரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வேலாயுதன் வரவில்லை. மாமி விடவில்லை.

மத்தியானம் இரண்டு மணிக்கு அம்பாசிடர் ஸ்டாண்டில் தன் இடத்தில் போய் நின்றது. மோகனன் வந்து குனிந்து அடியில் பார்த்தான். பால் வற்றிவிட்டதே அண்ணே என்று துக்கம் விசாரித்தான். மாமா கண்ணாடியில் ஒட்டிய புதுப் பேப்பரை மட்டும் விரலால் தட்டிக்காட்டினார்.

முதல் சவாரிக்கு வந்தது வேலாயுதன். காட்டாக்கடைக்குப் போக வேண்டுமாம். தோளில் ஷீட் கட்டு. பழக்கத்தில் முன்கதவைத் திறந்து, கட்டை மாமாவின் காலுக்குப் பக்கத்தில், ஆக்ஸிலேட்டர் ஓரமாக வைக்கப் போனார்.

"அதை டிக்கியில வை மக்கா," என்றார் மாமா. "என்ஜினுக்க கண்ணுல படாண்டாம்."

சிங்ஙத்தில் அந்த வண்டி ஒன்பது கல்யாணத்துக்கு ஓடியது. பொழியூர்க் கல்யாணத்துக்கு நானும் போனேன். மணப்பெண்ணை இறக்கிவிட்டு, மாமா காரைக் கடற்கரை வரை கொண்டுபோய், வள்ளங்களுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அண்ணன்மார் இருவரும் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார்கள். மூத்தவர் குனிந்து, அடியில் தொங்கிய வளைந்த கம்பியைக் காட்டி, இது எதற்கு என்று கேட்டார். சிரட்டையைக் கழற்றிய மாமா கம்பியைக் கழற்ற மறந்திருந்தார்.

நங்கூரம் கட்ட, என்றார் மாமா.